மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய கை இது. ஓய்வுக்குப் பிறகு என் பொறுப்பில் மிஞ்சியது மனைவியின் ரத்த அழுத்த மாத்திரைக் கணக்கு மட்டும்தான். மருந்துக்குக் கூடுதல் விலை கொடுக்காமல் இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லித் தருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், கடை வாசலில் தொங்கும் தள்ளுபடிப் பலகையை மறந்துவிடுங்கள். அட்டையைத் திருப்பி, மருந்தின் மூலப்பெயரையும் (நிறுவனம் சூட்டிய பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராம் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் அதைத் தேடினால், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்சவரம்பு விலை, அதாவது நிறுவனம் தாண்டக் கூடாத விலை, தெரியும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த விலை ஒரே ஒரு மாத்திரைக்கு உரியது. ஜிஎஸ்டி அதில் சேராது. அட்டையில் அச்சிட்ட விலையோ வரியையும் சேர்த்தது. உச்சவரம்பு 2 ரூபாய், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை 2.10 ஆகிறது, 15 மாத்திரை அட்டை 31.50-ஐத் தாண்டக் கூடாது. அட்டைக்குப் பத்துதான் என்ற பழைய நினைப்பில் வகுக்காதீர்கள், எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மருந்து கலந்த மாத்திரை என்றால் கவனம். ஒவ்வொன்றும் தனித்தனியே பட்டியலில் இருப்பதால் கலவையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் இல்லாதவற்றின் விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. அதனால்தான் பழைய ரசீதுகளை நான் எறிவதில்லை. வீட்டில் இதற்குக் கேலி உண்டு.

மருந்து நிறுவனம் தரும் விலைப் பட்டியலைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். வாடிக்கையாளர் பார்க்கும்படி அதை வைத்திருப்பது கடைக்காரரின் கடமை. 2025 செப்டம்பர் 22 அன்று பல மருந்துகளின் வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த மாதம் நான் வாங்கிய இரண்டு அட்டைகளிலும் பழைய விலையான 112 ரூபாயே இருந்தது. "போட்டிருக்கும் விலைதானே ஐயா" என்றார் கடைக்காரர். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அட்டை விலை, அந்த விலைப் பட்டியலில் உள்ள விலை இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. விலைப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். புது விலை 105. பதினான்கு ரூபாய் திரும்பி வந்தது, கூடவே ஒரு முறைப்பும்.

பேசியும் பயனில்லை என்றால் 'பார்மா ஜன் சமாதான்' இணையதளத்தில் புகார் தரலாம். மருந்தின் பெயர், நிறுவனம், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), கொடுத்த தொகை, ரசீதின் நகல் ஆகியவை வேண்டும். நிறுவனத்திடம் வசூலாகும் கூடுதல் தொகை அரசுக்குத்தான் போகும், உங்கள் பைக்கு வராது. எனவே முதல் பேச்சைக் கடை மேசையிலேயே நடத்துங்கள், ரசீது கையில் இருக்கும்போதே.