எல்இடி ஒளியில் டேட்டா: 115200 பாட் (நொடிக்கு 115200 பிட்) இணைப்பு அமைப்பது எப்படி

இந்தச் சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் எல்இடியைச் சந்தேகிக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் ஒளியை வாங்கும் பக்கத்தில்தான் இருக்கும்.

அனுப்பும் பக்கம் எளிது. சிபி2102 யூஎஸ்பி அடாப்டரின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) முனையை 1 கிலோ ஓம் வழியாக 2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டிலிருந்து 150 ஓம், பிரகாசமான 5 மி.மீ. சிவப்பு எல்இடி, பிறகு கலெக்டர். வெள்ளை எல்இடி வேண்டாம்: அதன் மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பூச்சு) அணைய நேரம் எடுக்கும், பின்னால் வேகத்தைக் கூட்டும்போது அதுவே தடையாகும். டேட்டா போகாதபோதும் எல்இடி எரிந்துகொண்டிருக்கும், அது சரிதான்.

வாங்கும் பக்கத்துக்கு, ஒளியை மின்னோட்டமாக்கும் பிபிடபிள்யூ34 போட்டோடயோடும், அந்தச் சிறு மின்னோட்டத்தை வோல்ட்டேஜாகப் பெருக்கும் எம்சிபி6022 ஆப்-ஆம்பும். கேத்தோடு மைனஸ் இன்புட்டுக்கு, எனோடும் பிளஸ் இன்புட்டும் கிரவுண்டுக்கு. அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 100 கிலோ ஓம், அதற்கு இணையாக 4.7 பிகோ ஃபாரட். இந்தச் சின்ன கெப்பாசிட்டரை விட்டுவிட்டால் ஆப்-ஆம்ப் தானாக அதிர (ஆசிலேட் ஆக) ஆரம்பிக்கும், ஏனெனில் டயோடுக்கே சுமார் 70 பிகோ ஃபாரட் உண்டு. மைனஸ் முனையில் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சப்ளை காலருகே 100 நானோ ஃபாரட் வையுங்கள்.

அடுத்து, இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டு 0 அல்லது 1 தரும் எல்எம்393 கம்பேரேட்டர். ஆப்-ஆம்பின் சிக்னல் 10 கிலோ ஓம் வழியாகப் பிளஸுக்கு, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் (திருகி மாற்றும் ரெசிஸ்டரின்) நடுக்கால் மைனஸுக்கு. அவுட்புட்டிலிருந்து பிளஸுக்கு 1 மெகா ஓம் போட்டால் சிக்னல் மாறும் விளிம்பு நடுங்காது. அவுட்புட்டை 4.7 கிலோ ஓமால் 3.3 வோல்ட்டுக்கு இழுத்து, இரண்டாவது அடாப்டரின் ஆர்எக்ஸ் (டேட்டா வாங்கும்) முனைக்குக் கொடுங்கள். 5 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டாம்.

எல்இடியை 10 செ.மீ. தூரத்தில் நேராக வையுங்கள். எல்இடி எரியும்போதும் அணைந்தபோதும் ஆப்-ஆம்ப் அவுட்புட்டை மல்டிமீட்டரில் அளந்து, பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் வோல்ட்டேஜை இரண்டுக்கும் சரி நடுவில் நிறுத்துங்கள். அறை விளக்கை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். நேர் வெயில் விழுந்தால் ஆப்-ஆம்ப் உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் குழாய் ஒன்றை டயோடுக்கு மாட்டுங்கள்.

வெளிச்சத் தொல்லையை ஒழிக்க ஆப்-ஆம்புக்கும் கம்பேரேட்டருக்கும் நடுவில் கெப்பாசிட்டர் போடத் தோன்றும். போட்டால் டேட்டா போகாமல் சும்மா இருக்கும் நேரத்தில் சிக்னலின் அடிமட்டம் நகர்ந்து, ஒவ்வொரு செய்தியின் முதல் சில எழுத்துகள் குப்பையாகும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் சிக்னல் மாறும் மான்செஸ்டர் குறியீட்டுக்கு மாறுங்கள்.

921600 பாட் வேண்டுமா? 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகவும், 4.7ஐ 10 பிகோ ஃபாரடாகவும் மாற்றி, எல்எம்393க்குப் பதில் வேகமான டிஎல்வி3501 கம்பேரேட்டரை 3.3 வோல்ட்டில் போடுங்கள். அதற்கு 4.7 கிலோ ஓம் தேவையில்லை. சிக்னல் பத்தில் ஒன்றாகும், எனவே லென்ஸ் தேவை.

ஜிகாபிட் வேகத்துக்கு மைக்ரோ எல்இடிதான் வழி. சில்லு சிறியது என்பதால் கெப்பாசிட்டன்ஸ் குறைவு, மின்னோட்ட அடர்த்தி அதிகம், ஒளி சட்டென அணையும். 2014இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரே காலியம் நைட்ரைடு மைக்ரோ எல்இடியில் நொடிக்கு 3 ஜிகாபிட் அனுப்பினார்கள். அதற்கு, டேட்டாவைப் பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் ஓஎஃப்டிஎம் பண்பேற்றம் வேண்டியிருந்தது. பிரெட்போர்டு அங்கே எடுபடாது.