டிஸ்க் மேனேஜ்மென்டில் தவறான வால்யூமை அழித்துவிட்டால்

ஆபீஸில் புது டிஸ்க் மாட்டியாயிற்று. விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் எது பழசு, எது புதுசு என்று குழம்பி, டேலி கணக்கெல்லாம் இருந்த டி டிரைவுக்கு ‘டிலீட் வால்யூம்’ கொடுத்துவிட்டீர்கள். இப்போது போனது பார்ட்டிஷன் டேபிளில் (டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் பட்டியல்) இருந்த ஒரு பதிவு: வால்யூம் எந்த செக்டாரில் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டம்) தொடங்கி எதில் முடிகிறது என்ற குறிப்பு. சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் கோப்புகளும் அவற்றின் பெயர்ப் பட்டியலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நிஜமான சேதம் அடுத்த அரை மணி நேரப் பதற்றத்தில் வரும். காலி இடத்தில் புது வால்யூம் போடாதீர்கள். ‘ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டக்கூடாது, அது கோப்பு அமைப்பைச் சரிசெய்வதாக நினைத்து எழுதிவிடும். மீட்பு மென்பொருளை அந்த டிஸ்க்கிலேயே இன்ஸ்டால் செய்வதும் கூடாது.

எஸ்எஸ்டி என்றால் உடனே பவரை நிறுத்துங்கள். குவிக் ஃபார்மட் போன்ற வேலைகளின்போது ‘இந்த இடங்களில் உள்ளது இனி வேண்டாம்’ என்று சொல்லும் ‘ட்ரிம்’ கட்டளையை விண்டோஸ் அனுப்பும். அதற்குப் பிறகு பல எஸ்எஸ்டிகள் அந்த இடங்களில் வெறும் பூஜ்யத்தைத்தான் காட்டும். அந்த நிலையில் எந்த மென்பொருளும், பெரும்பாலும் எந்த டேட்டா மீட்பு லேபும், ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வந்தாலும் கீழே உள்ளதைச் செய்யாமல் நேராக லேபுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

முதல் வேலை, டிஸ்க்கை முழுசாக நகல் எடுப்பது. 2 டெராபைட் டிஸ்க்கின் இமேஜ் (முழு நகலும் ஒரே கோப்பாக), ஃபார்மட் செய்த இன்னொரு 2 டெராபைட் டிஸ்க்கில் அடங்காது. மீட்ட கோப்புகளுக்கும் இடம் வேண்டும். அதனால் 4 டெராபைட் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை பென்டிரைவில் போட்டு பூட் செய்தால் நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் இரண்டும் அதில் இருக்கும். டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று விஷயங்களை இதே வரிசையில் கொடுக்க வேண்டும்: மூல டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் ஃபைல் (எதுவரை நகலானது என்ற குறிப்பு). மூலமும் இலக்கும் இடம் மாறினால் கதை முடிந்தது. லினக்ஸ் தரும் டிஸ்க் பெயர் அடுத்த முறை பூட் செய்யும்போது மாறலாம் என்பதால், டிஸ்க்கின் லேபிளில் உள்ள சீரியல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்குக்கு டிஸ்க் நகல் எடுக்காமல் கோப்பாக எடுக்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான்: ‘ஃபோர்ஸ்’ என்று தனியாகச் சொன்னாலொழிய டிடிரெஸ்க்யூ ஒரு டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுதாது. அந்தப் பூட்டை நீங்களே திறந்துவிடாதீர்கள்.

நொடிக்கு 120 எம்பி வேகம் கிடைத்தால் 2 டெராபைட்டுக்குச் சுமார் நாலரை மணி நேரம். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் 35 எம்பிதான் வரும், 16 மணி நேரம் ஆகும். மே மாத மதியத்தில் கரன்ட் போகிற ஏரியா என்றால் யூபிஎஸ் அவசியம். மேப் ஃபைல் இருந்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

இனி டெஸ்ட்டிஸ்க்கை அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். பார்ட்டிஷன் டேபிளின் வகையை (புதிய ஜிபிடியா, பழைய எம்பிஆரா) அதுவே ஊகித்துச் சொல்லும், ஆனால் கண்ணை மூடி ஏற்காதீர்கள். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் அநேகமாக ஜிபிடி. பழைய கணினியில் போட்ட சின்ன டிஸ்க் எம்பிஆர் ஆக இருக்கலாம். அதை இந்தக் கருவி ‘இன்டெல்’ என்று காட்டும். பிறகு ‘அனலைஸ்’, ‘குவிக் சர்ச்’. வால்யூம் தென்பட்டதும் கோப்புகளைப் பட்டியலிடும் விசை திரையின் அடியில் எழுதியிருக்கும், அதை அழுத்துங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தெரியாவிட்டால் ‘டீப்பர் சர்ச்’.

பல வருஷம் ஓடிய டிஸ்க்கில் முன்பு எப்போதோ இருந்த பார்ட்டிஷன்களும் சேர்ந்து எழுந்து வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ‘ஸ்ட்ரக்சர் பேட்’ என்று காட்டும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பழையதை அம்பு விசையால் ‘டிலீட்டட்’ ஆக்குங்கள். கண்டுபிடித்ததை டேபிளில் எழுதும் ‘ரைட்’ கொடுக்க அவசரம் வேண்டாம். பட்டியல் திரையிலேயே எல்லாவற்றையும் தேர்வு செய்து வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம்.

குவிக் ஃபார்மட் ஆகியிருந்தால் விஷயம் வேறு. புது கோப்புப் பட்டியல் பழையதன் தொடக்கப் பகுதி மேலேயே எழுதப்படும், எனவே பார்ட்டிஷனை மீட்டாலும் காலியாகத்தான் தெரியும். மிச்சமுள்ள பதிவுகளைத் தேடி எடுக்க டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ மாதிரி மென்பொருள் வேண்டும். கோப்பு வகையை வைத்துத் தேடும் ஃபோட்டோரெக் கடைசி வழி: படங்கள் வரும், கோப்புப் பெயரும் ஃபோல்டரும் வராது. கல்யாண ஸ்டுடியோவுக்கு அது போதலாம், ஆடிட்டர் ஆபீஸுக்குப் போதாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் அந்த வால்யூம் முழுக்கப் பூஜ்யம் எழுதும். விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன் ஆல்’ டிஸ்க் முழுக்கவே அப்படி எழுதும். வெறும் ‘கிளீன்’ என்றால் டிஸ்க்கின் ஓரங்களை மட்டும் துடைக்கும், டெஸ்ட்டிஸ்க்கில் மீட்கலாம்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால் வால்யூமைக் கண்டுபிடித்த பிறகும் அதன் பாஸ்வேர்டோ 48 இலக்க ரெகவரி கீயோ தேவை.

எதுவுமே அழியாமலும் விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்’ என்று கேட்கும். சில யுஎஸ்பி கேஸ்கள் 512 பைட் செக்டாரை 4096 ஆகக் காட்டும். அதில் பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கைக் கழற்றி நேரே கணினிக்குள் உள்ள சாட்டா இணைப்பில் மாட்டினால் விண்டோஸுக்கு டேபிள் புரியாது. பழைய கேஸிலேயே திரும்ப மாட்டிப் பாருங்கள், பல சமயம் அவ்வளவுதான் வேலை.

மீட்ட பிறகு பெயரையும் அளவையும் பார்த்து நம்பிவிடாதீர்கள். டேலி கம்பெனியை ஏற்றி கடைசி வவுச்சர் தேதியைப் பாருங்கள், பெரிய பிடிஎஃப்களின் கடைசிப் பக்கம் வரை போங்கள், ஜிப் கோப்புகளை டெஸ்ட் செய்யுங்கள். அதன் பிறகே பழைய டிஸ்க்கில் ‘ரைட்’ கொடுப்பதா, புதிதாக ஃபார்மட் செய்வதா என்பதை முடிவு செய்யலாம்.