புது உப்புநீர்த் தொட்டியில் பழுப்பு, பச்சை, சிவப்பு: எது என்ன, என்ன செய்வது?

உப்புநீர்த் தொட்டி வைத்த மூன்றாவது வாரத்தில் பெரும்பாலானோர் கேட்பது இதுதான்: "மணல் எல்லாம் பழுப்பாகிவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?"

இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள். கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார் என்று நினைக்கிறோம். ஆனால் பாறையும் மணலும் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. காலி மனையில் சீமைக்கருவேலம் முளைப்பதுபோல முதலில் வேகமாக வளர்பவை வந்து உட்காரும். கடையில் வாங்கிய உலர்ந்த பாறையில் தொடங்கிய தொட்டி என்றால் இந்தக் கூத்து சில மாதங்கள் நீளும். இது இயல்புதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பழுப்புகளுக்கு வைத்தியம் நேர் எதிர். ஒன்றைத் தானாகப் போக விடலாம், மற்றொன்றுக்குத் தண்ணீரில் சத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் "தீனியைக் குறை, தண்ணீரை மாற்று" என்று ஒரே பதிலைச் சொல்வதால்தான் பல தொட்டிகள் கெடுகின்றன. ஆகவே அடையாளம் முதலில்.

படி 1: பார்க்கும் நேரமும் கருவியும்

பழைய டூத் பிரஷ், வெள்ளைக் கிண்ணம், ஒரு பிப்பெட் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு, டார்ச் போதும். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். நீல விளக்கில் எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும், வெள்ளை விளக்கில் பாருங்கள். இரண்டு முறை பாருங்கள்: விளக்கு பல மணி நேரம் எரிந்த பிறகு மாலையில் ஒருமுறை, மறுநாள் காலை விளக்கு போடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒருமுறை. இந்த இரண்டு பார்வைக்கும் உள்ள வித்தியாசமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

படி 2: ஆள் யார்?

*டயாட்டம்.* ஒருசெல் பாசி. மணல், கண்ணாடி, பாறை எல்லாவற்றிலும் பழுப்புத் தூசி. விரல் பட்டாலே கலைந்து பறக்கும், இழையாக நீளாது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். தண்ணீரில் கரைந்துள்ள சிலிகேட்டை (சிலிக்கான் சேர்மம்) எடுத்து வளர்கிறது, அது தீர்ந்தால் தானாகப் போய்விடும்.

*கண்ணாடிப் பச்சை.* மெல்லிய பச்சைப் படலம். காந்தத் துடைப்பானால் இரண்டு நாளைக்கு ஒருமுறை துடைத்தால் போதும், கவலைப்பட ஒன்றுமில்லை.

*முடிப்பாசி.* பாறையில் பச்சை இழைகள், நீரோட்டத்தில் ஆடும். பிடித்து இழுத்தால் கொத்தாக வரும். இழை ஒவ்வொன்றும் இறகுபோல இருபுறமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். அதைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது.

*சயனோ.* சிவப்பு அல்லது கருஞ்சிவப்புப் போர்வை, சிலசமயம் கரும்பச்சை. பிப்பெட்டால் ஊதினால் ஓரம் தூக்கிக்கொண்டு துண்டு துண்டாக உரியும். இது பாசியே இல்லை, ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. நீரோட்டம் போகாத மூலைகளில் விரும்பி உட்காரும்.

*டைனோஃபிளாஜெல்லேட்,* சுருக்கமாக டைனோ, ஒருசெல் உயிர். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழுப்புச் சளி, அதிலிருந்து மேலே நீளும் நூல்கள், நூல் நுனியில் ஒரு காற்றுக் குமிழி. மாலையில் பாறை முழுக்க அப்பியிருக்கும், காலையில் பார்த்தால் பெருமளவு காணாமல் போயிருக்கும், மதியம் மறுபடி வந்துவிடும். கூடவே நத்தைகள் காரணமில்லாமல் கீழே விழுந்து கிடந்தால் சந்தேகம் வலுக்கும், சில வகை டைனோ நஞ்சு சுரப்பவை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு உறிஞ்சி ஒரு சின்ன பாட்டிலில் விட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். சளி கலைந்து தண்ணீர் மங்கலாகும். அதைக் காகித வடிகட்டியிலோ டிஷ்யூ பேப்பரிலோ வடியுங்கள். (டிகாஷன் ஃபில்டரை எடுத்துவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.) வடிந்த தெளிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாக இருந்த நீரில் பழுப்பு நூல்கள் மீண்டும் திரண்டு வந்தால் அது டைனோதான். டயாட்டமும் சயனோவும் இப்படித் திரளாது. மலிவான நுண்ணோக்கி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது, எந்த வகை டைனோ என்பதும் தெரிந்துவிடும்.

*குமிழிப்பாசி.* பளபளக்கும் பச்சை உருண்டைகள், பாறையிடுக்கில் ஒட்டியிருக்கும்.

*எய்ப்டேசியா.* இது பாசியில்லை, கண்ணாடிபோன்ற உடலுடைய சின்னக் கடல் சாமந்தி. தொட்டால் சட்டென்று பொந்துக்குள் சுருங்கும். லைவ் ராக்கோடும் (உயிர்கள் ஒட்டியுள்ள கடல்பாறை) பவளத்துண்டோடும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ, நகத்தால் சுரண்டினாலும் வராத கெட்டியான பூச்சு தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது சுண்ணப்பாசி. நீங்கள் காத்திருக்க வேண்டியதே அதற்காகத்தான்.

படி 3: தண்ணீரைக் கேளுங்கள்

பாசிக்குச் சத்தாகும் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்பது தொடக்கத் தொட்டிக்கு ஏற்ற எல்லை. இரண்டும் சுத்தமாக 0 காட்டினால் வெற்றி என்று நினைக்காதீர்கள், டைனோவுக்கு அந்தப் பட்டினித் தண்ணீர்தான் பிடிக்கும். இன்னொன்று: முடிப்பாசி அடர்ந்த தொட்டியிலும் கருவி 0 காட்டலாம், சத்து முழுக்கப் பாசிக்குள் போயிருக்கும்.

அப்புறம் உப்பு கரைக்கும் தண்ணீர். "எங்கள் வீட்டில் ஆர்ஓ இருக்கிறது" என்பார்கள். குடிநீர் ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும். டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள், 40, 60 என்று காட்டினால் அது தொட்டிக்கு ஆகாது. மீன்தொட்டிக்கென்று வரும் ஆர்ஓ டிஐ வடிகட்டியில் (ஆர்ஓ தாண்டி வரும் மீதி உப்பையும் டிஐ பிசின் பிடித்துக்கொள்ளும்) 0 வரவேண்டும். போர்வெல் தண்ணீரில் சிலிகேட் அதிகமாக இருக்கலாம், டிஐ பிசின் தீர ஆரம்பித்ததும் முதலில் நழுவி வருவதும் சிலிகேட்தான். டயாட்டம் இரண்டு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் பிசினை மாற்றுங்கள்.

படி 4: ஆளுக்கேற்ற வைத்தியம்

டயாட்டத்துக்கு வைத்தியம் பொறுமை. மணலை மெல்லக் கிளறிவிடுங்கள், போதும். பவளம் இன்னும் வைக்கவில்லை என்றால் விளக்கை முழுவேகத்தில் எரிக்க அவசியமே இல்லை.

முடிப்பாசிக்கு முதலில் கைதான் கருவி. பாறையை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து, தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்துப் பிரஷால் தேயுங்கள். உள்ளேயே தேய்த்தால் பிய்ந்த இழைகள் மிதந்து வேறிடத்தில் ஒட்டும், சைபன் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இழை குட்டையான பிறகு டர்போ, ட்ரோகஸ் நத்தைகளை விடுங்கள். நீண்ட இழையை அவை அவ்வளவாகத் தொடாது. பாஸ்பேட் உயர்ந்திருந்தால் வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதும், உறைந்த தீனியை உருக்கி அந்த நீரை வடித்துவிட்டுப் போடுவதும் உதவும். பிரையாப்சிஸுக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பயன்படுத்துகிறார்கள், அது பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

சயனோவைத் தண்ணீர் மாற்றும்போது மெல்லிய காற்றுக்குழாயால் போர்வையோடு உறிஞ்சி எடுங்கள். வேவ்மேக்கரின் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) திசையைத் திருப்பி அந்த மூலைக்கு ஓட்டம் போகச் செய்யுங்கள். சயனோவைக் கொல்லும் சிவப்புச் சளி மருந்து கடைசி வழி: செத்த போர்வை அழுகும்போது ஆக்சிஜன் இறங்கும். போட்டே தீரவேண்டுமென்றால் காற்றுக்கல்லை ஓடவிட்டுத்தான் போடவேண்டும்.

டைனோ என்று உறுதியானால் எல்லாம் தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பாஸ்பேட் உறிஞ்சியைக் கழற்றுங்கள், தீனியைக் கொஞ்சம் கூட்டி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மெதுவாகப் படி 3இல் சொன்ன எல்லைக்குக் கொண்டுவாருங்கள். போட்டிக்கு வேறு உயிர்கள் வளர்ந்தால்தான் இது அடங்கும். இரவில் நீரில் மிதக்கும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைக்கு யுவி (புற ஊதா) விளக்கு நன்றாகவே வேலை செய்யும். மணலை விட்டு எழாத ஆம்ஃபிடினியம் வகைக்கு அதில் பெரிய பயனில்லை, வாங்குமுன் நுண்ணோக்கியில் பார்ப்பது காசை மிச்சப்படுத்தும். மூன்று நாள் இருட்டடிப்பை மட்டும் நம்பாதீர்கள். விளக்கு வந்ததும் அதுவும் வந்துவிடும்.

குமிழிப்பாசியை உடைக்காமல் அடியோடு நெம்பி எடுங்கள். எமரால்டு நண்டு தின்னும்.

எய்ப்டேசியாவை வெட்டவோ நசுக்கவோ கூடாது, விட்டுப்போன துணுக்கிலிருந்தே புதியது முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் விடலாம், அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். ஒருநாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், காரத்தன்மை ஏறிவிடும்.

படி 5: எடுத்ததை எங்கே போடுவது?

கடலிலோ கழிமுகத்திலோ கொட்டாதீர்கள். தொட்டி அழகுக்கு வளர்த்த காலர்ப்பா டாக்சிஃபோலியா பாசி 1984இல் மொனாக்கோ கரையோரம் காணப்பட்டது, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவியது. 2000இல் கலிபோர்னியாவில் ஒரு காயலில் தென்பட்டபோது தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். நம் பக்கத்திலும், பயிருக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின் மேல் படர்ந்தது.

பிடுங்கிய பாசியைத் தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். உறிஞ்சி எடுத்த தண்ணீரில் கொஞ்சம் ப்ளீச் கலந்து ஒருநாள் வாளியிலேயே வைத்து, பிறகு கழிவறையில் ஊற்றுங்கள். அந்த வாளியைத் தொட்டி வேலைக்கு மறுபடி எடுக்குமுன் நன்றாகக் கழுவிக் காயவைக்க மறக்காதீர்கள்.