அக்கூஸ்டிக் கிட்டாரில் பூச்சு பெயர்ந்த இடத்தை அடைப்பது எப்படி?

கிட்டார் எங்காவது இடித்து மேற்பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிட்டால், முதலில் மரத்தைப் பாருங்கள். காயத்தின் இருபுறமும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தும்போது கோடு திறந்து மூடினால் மரமே விண்டிருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மரத்துக்குச் சேதமில்லை என்றால், அடுத்த கேள்வி பூச்சு எது என்பது. விலை குறைந்த, நடுத்தரக் கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்தான்; காய்ந்தபின் தின்னருக்கு இளகாது. மார்ட்டின், கிப்ஸன் உயர்ரகங்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இருக்கும். பெல்ட் மாட்டும் குமிழைக் கழற்றி, அது மறைக்கும் இடத்தில் பஞ்சுக்குச்சியால் அசிட்டோனைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் லாக்கர், அல்லது அரக்குப் பூச்சு. இனி சொல்வது பிசுபிசுக்காத பாலியூரித்தேன், பாலியெஸ்டர் வகைக்கு.

தேவையானவை: தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூ, சற்றுக் கெட்டியான சூப்பர் க்ளூ, புது சவர பிளேடு, செல்லோ டேப், 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), சிலிக்கான் கலக்காத ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை).

கம்பிகளைக் கழற்றி, காயத்தை லைட்டர் பெட்ரோலால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது மரம் என்ன நிறத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அடைத்தபின் வரப்போகும் நிறம். நகத்தால் தொட்டு, ஆடும் சில்லுகளை மட்டும் எடுங்கள். ஓரத்தில் வெள்ளையாகத் தெரிவது, பூச்சு மரத்தைவிட்டு எழும்பி உள்ளே காற்று புகுந்த இடம். குண்டூசி முனையில் மெல்லிய க்ளூவை எடுத்து அங்கே தொடுங்கள். அது தானாகவே உள்ளே ஓடும், வெள்ளையும் கண்ணெதிரே மறையும்.

பிறகு கெட்டி க்ளூவால் பள்ளத்தை நிரப்புங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் மேலே தோல்கட்டி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். மெல்லிய அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் விடுங்கள். சீக்கிரம் உறைய வைக்கும் ஸ்பிரே வேண்டாம். குமிழியும் வெண்மையும் அதனால்தான் வருகின்றன. சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள், பருத்தி பட்டால் க்ளூ கொதித்துப் புகையும். சுற்றுப்பரப்பைவிட லேசாக மேடு தட்டியதும் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் சமன்படுத்தும்போதுதான். உப்புத்தாளை நேராக எடுத்துத் தேய்த்தால் மேட்டைவிடச் சுற்றியுள்ள பூச்சுதான் முதலில் தேயும். அதனால் பிளேடின் இரு முனைகளிலும் செல்லோ டேப்பைச் சுற்றி, மேட்டின் அகலத்துக்கு மட்டும் கூரான விளிம்பை டேப் சுற்றாமல் விடுங்கள். பிளேடை நிமிர்த்திப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள். டேப் பூச்சின்மேல் வழுக்கிப்போகும், கூர் மேட்டை மட்டும் சீவும். மாவுபோல் வந்தால் க்ளூ காய்ந்திருக்கிறது. ரப்பராக இழுபட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

டேப்பின் கனத்தளவுக்கு மிஞ்சும் மேட்டைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றிய 1000, 1500, 2000 தாள்களால் வரிசையாக எடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு போதும். கம்பிகளைச் செருகும் பிரிட்ஜ் ஊசித் துளைகளை டேப்பால் மூடுங்கள். ஈரம் இறங்கினால் மேற்பலகையின் ஸ்ப்ரூஸ் மரம் ஊதும். கடைசியாகக் காம்பவுண்டைக் கையால் போடுங்கள். மெஷின் சூடேற்றும்.

லாக்கர் கிட்டாரென்றால் லாக்கரையே சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். அது பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகும், ஆனால் காயக் காயச் சுருங்கி அமுங்கும். கடைசிச் சொட்டுக்குப்பின் மூன்று நான்கு வாரம் விட்டுத்தான் சமன்படுத்த வேண்டும். விலைமதிப்புள்ள பழைய கிட்டாராக இருந்தால், மரம் தெரியாத சிறு காயங்களை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் மதிப்பே அசல் பூச்சில்தான் இருக்கிறது.