வளவில் ஓர் ஆவரசு: விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் முட்டும். கல்லையும் வறட்சியையும் தாங்கிப் பழகிய ஆவரசுக்கு அது போதும். ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் நின்று மஞ்சளாய்ப் பூக்கும்.

முதலில் செடியைச் சரியாக இனங்காணுங்கள். தகரையும் மஞ்சளாகத்தான் பூக்கும். ஆவரசில் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காதுமடல் போல வட்டமான செதில் இருக்கும். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த 'ஆரிக்குலாட்டா' என்ற இலத்தீன் பெயர் அந்தக் காதைக் குறிப்பதுதான்.

வளர்ந்த செடியைக் கிளப்பிவந்து நடாதீர்கள். ஆணிவேர் அறுந்துவிடும். நான் கொண்டுவந்த இரண்டும் பட்டுப்போனதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. பழுப்பாகக் காய்ந்த, தட்டையான காய்களை மட்டும் எடுங்கள்.

இனி விதை. பலர் கைவிடுவது இங்கேதான். தோல் கடினம் என்பதால் தண்ணீர் உள்ளே போகாது. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஒவ்வொரு விதையாகச் சீமெந்துத் தரையில், தோல் சற்று வெளிறும்வரை பக்கவாட்டில் தேயுங்கள். முளை இருக்கும் கூர்நுனியில் கை வைக்க வேண்டாம். அப்புறம் ஓரிரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பருத்தவை தயார். பருக்காதவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். பொறுமையாகச் செய்தால் வீணாவது குறைவு.

புரட்டாதியில், அடியில் துளையிட்ட பொலித்தீன் பையில் செம்மண்ணும் மணலும் சமமாகக் கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் மாரி ஈரம் இருக்கும்போதே, வேர்மண் உடையாமல் நிலத்தில் நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. வேலியோரப் பனையின் நிழல் படாத பக்கம் எனக்குப் பிடித்த இடம். சங்கப் பாடல்களில், காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறுபவன் சூடுவது ஆவிரை, அதாவது ஆவரசு மாலை அல்லவா!

முதல் கோடையில் கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் போதும். பசளை தேவையில்லை. இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. சரி, பூத்ததும் தேநீருக்குக் காலையில் பறித்து நிழலில் உலர்த்தலாம். சில கொத்துகளை மட்டும் விட்டுவையுங்கள், அடுத்த புரட்டாதிக்கு விதை வேண்டும்.