கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்: எதை முதல்ல வாங்கணும், தோட்டாவை எப்படி ரீலோட் பண்ணணும்

கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்ல, அதாவது பழைய கவ்பாய் காலத்துத் துப்பாக்கிகளால சுடுற போட்டியில, இறங்கலாம்னு முடிவு பண்ணவங்க நிறைய பேர் நேரா கடைக்குப் போய் அழகா இருக்குற ஒரு .45 கோல்ட் ரிவால்வரை வாங்கிட்டு வந்துடுறாங்க, அப்புறம் அதுக்கேத்த ரைஃபிள் தேடுறாங்க, கடைசியா தோட்டா விலையப் பாத்துட்டு ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவோட காலிக் கூட்டை (கேஸ்) திரும்ப நிரப்பித் தோட்டா செய்யற வேலை பக்கம் வர்றாங்க. எங்கிட்ட கேட்டா இந்த வரிசையே தலைகீழ். முதல்ல ரைஃபிளை முடிவு பண்ணுங்க, அதே காலிபர்ல, அதாவது அதே தோட்டா அளவுல, ரெண்டு ரிவால்வர் வாங்குங்க, அந்த ரைஃபிளுக்குள்ள ஒழுங்கா ஓடுற ஒரே ஒரு லோடு, அதாவது ஒரே அளவு மருந்தும் ஒரே குண்டும் போட்ட ஒரே மாதிரித் தோட்டா, செஞ்சு மூணுலயும் போடுங்க. ரிவால்வர் தோட்டா நீளத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பொறுத்துக்கும், லீவர் ரைஃபிள், அதாவது விசைப் பக்கத்துல இருக்குற லீவரை இழுத்து மூடி அடுத்த தோட்டாவை ஏத்துற ரைஃபிள், பொறுக்காது.

தெரியாதவங்களுக்காக ஆட்டத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன். 1980களோட தொடக்கத்துல தென் கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது, 1987ல சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, அதாவது எஸ்ஏஎஸ்எஸ், உருவாச்சு, பெரும்பாலான கிளப்புகள் அவங்க ரூல் புக்கைத்தான் பின்பற்றுது. ரெண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு தடவையும் ஹேமரை, அதாவது பின்னால இருக்குற சுத்தியலை, கட்டைவிரலால இழுத்துட்டுச் சுடுறது), பிஸ்டல் தோட்டா போடுற ஒரு லீவர் ரைஃபிள், ஒரு பழைய பாணி ஷாட்கன், இவ்வளவும் ஒருத்தருக்கு வேணும். டார்கெட் எல்லாம் இரும்புத் தகடு, அதுவும் பக்கத்துலயே இருக்கும், ரிவால்வருக்கு ஏழெட்டு கெஜம் தூரம்தான். டைமர்ல வர்ற நேரம்தான் ஸ்கோர், தப்பவிட்ட ஒவ்வொரு டார்கெட்டுக்கும் 5 செகண்ட் கூடும், சுடுற வரிசை மாறிட்டா 10 செகண்ட். ஒவ்வொருத்தருக்கும் யாருக்கும் இல்லாத ஒரு கவ்பாய் பேர் உண்டு, டிரஸ்ஸும் அந்தக் காலத்து மாதிரி இருக்கணும், பேஸ்பால் தொப்பியும் ஸ்னீக்கரும் கூடாது.

நம்ம ஆளுங்களுக்கு முக்கியமான ஒண்ணு. எச்1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதுக்கு அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல பொதுவா அனுமதி கிடையாது, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அது உங்களுக்குப் பொருந்துமான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டுதான் கிளப் வாசலையே மிதிக்கணும். கிரீன் கார்டு இருக்கவங்களுக்கு இந்தத் தடை இல்ல. இந்தியாவுல இருந்து படிக்கிறவங்க வீட்டுல முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, ஆயுதச் சட்டம் 1959 படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது குற்றம்.

காலிபருக்கு வருவோம். புதுசா வர்றவங்களுக்கு .38 ஸ்பெஷல்தான் என் சிபாரிசு, துப்பாக்கியை .357 மேக்னம்ல வாங்குங்க, அதுல .38-ஐயும் போடலாம். பித்தளைக் கேஸ் (பிராஸ்) சுலபமா கிடைக்கும், ஈயம் குறைச்சலா செலவாகும், உதைப்பும் கம்மி. .45 கோல்ட் 1873ல வந்த தோட்டா, கருப்பு வெடிமருந்து நிறைய கொள்ளணும்னு பெரிய கேஸா செஞ்சது, அதுல இன்னிக்கு ஸ்மோக்லெஸ் பவுடரை லேசான லோடுக்குப் போட்டா பெரிய டம்ளர்ல அடியில ஒரு வாய் காபி மாதிரி கிடக்கும். பவுடர் முன்னாடி சரிஞ்சிருக்கா பின்னாடி சரிஞ்சிருக்காங்கறதைப் பொறுத்து வேகம் மாறும், ரெண்டு தடவை பவுடர் விழுந்தாலும் கேஸ் நிரம்பி வழியாது, அதனால கண்ணுக்குத் தப்பிடும். கேஸ் சுவரும் லேசான அழுத்தத்துல விரிஞ்சு சேம்பரை, அதாவது தோட்டா உக்கார்ற அறையை, அடைக்காது, புகைக்கரி எல்லாம் ரைஃபிளுக்குள்ள பின்னால வந்து அப்பிக்கும். இந்தக் காலிபர் மேல ஆசை இருந்தா தாராளமா பண்ணுங்க, ஆனா இதெல்லாம் தெரிஞ்சு பண்ணுங்க.

ரைஃபிள்னா உபெர்ட்டி செய்யற வின்செஸ்டர் 1873 நகல்தான் போட்டியில அதிகம் பாப்பீங்க, லீவர் பட்டு மாதிரி ஓடும். அதோட டாகிள் இணைப்பு (போல்ட்டை, அதாவது சேம்பரை மூடுற பாகத்தை, பூட்டி வைக்கிற மடக்கு) பலமான லோடுக்கு ஏத்தது இல்ல, நம்ம லேசான லோடுக்குப் போதும். பட்ஜெட் இடிச்சா மார்லின் 1894 அல்லது ரோஸி 92. ரிவால்வருக்கு ரூகர் வாக்கேரோ சலிக்காம உழைக்கும், கோல்ட் மாதிரி அசல் தோற்றம் வேணும்னா உபெர்ட்டி, பியெட்டா. எது வாங்கினாலும் அஞ்சு தோட்டாதான் போடணும், ஹேமர் காலி சேம்பர் மேல இருக்கணும், ரூகர்ல தானா வெடிக்காம தடுக்குற டிரான்ஸ்ஃபர் பார் இருக்கேன்னு ஆறு போட முடியாது, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஷாட்கன் தானா கேஸை வெளிய தள்ளாத டபுள் பேரல், இல்லன்னா வின்செஸ்டர் 1897 பம்ப். ஹோல்ஸ்டர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கெட்டியான தோல், உருவினதும் வாய் மூடிக்காம நிக்கணும். புதுசுல ரெண்டு பக்கமும் நேரா தொங்குற செட்டே நல்லது, கிராஸ் டிரால, அதாவது எதிர்ப்பக்க இடுப்புல இருந்து உருவுற செட்ல, குழல் 170 டிகிரி எல்லையை (குழல் எப்பவும் டார்கெட் பக்கமே இருக்கணும்னு வச்ச எல்லை) தாண்டிப் போயிட வாய்ப்பு ஜாஸ்தி, தாண்டினா டிஸ்குவாலிஃபை.

இப்ப ரீலோடிங். எஸ்ஏஎஸ்எஸ் ரூல்படி ஈய புல்லட் (தோட்டாவுல இருந்து பறந்து போற குண்டு) மட்டும்தான், செம்பு உறை போட்டது கூடாது, ஏன்னா பக்கத்துல இருக்குற இரும்புல பட்டு அது திரும்பி வரும், ஈயம் நசுங்கிச் சிதறிடும். வேகம் ரிவால்வர்ல செகண்டுக்கு 1000 அடிக்குக் கீழ, ரைஃபிள்ல 1400க்குக் கீழ. குறைந்தபட்ச எல்லையும் இருக்கு, புல்லட் எடையை கிரெயின்ல (புல்லட், பவுடர் எடை பாக்குற சின்ன அலகு) எடுத்து வேகத்தால பெருக்கி 1000ஆல வகுத்தா 60க்குக் குறையக் கூடாது, வேகமும் 400க்குக் கீழ போகக் கூடாது. 125 கிரெயின் புல்லட் 700 அடி வேகத்துல போனா 87.5, தாராளமா பாஸ். 105 கிரெயின் 600ல போனா 63, குளிர் நாள்ல வேகம் கொஞ்சம் விழுந்தா மாட்டிக்குவீங்க, அதனால முதல்ல 125லயே ஆரம்பிங்க.

பவுடர் எவ்வளவுன்னு இங்க நான் நம்பர் தரப்போறதில்ல, பவுடர் கம்பெனி ஹாட்ஜ்டன் சைட்லயும் லைமன் ரீலோடிங் புக்லயும் உங்க புல்லட், உங்க பவுடருக்குன்னு தனியா இருக்கு, அதுலதான் எடுக்கணும். லேசா வேணும்னு புக்ல இருக்குற ஆரம்ப அளவுக்கும் கீழ போகாதீங்க, புல்லட் குழல்லயே சிக்கி நின்னுடும், அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கும் இல்ல வெடிக்கும். டிரெயில் பாஸ்னு கேஸை நிறைய அடைக்கிற ஒரு பவுடர் இந்த ஆட்டத்துக்கே செஞ்ச மாதிரி இருந்துச்சு, கொஞ்ச வருஷமா கடையில கிடைக்கிறதே கஷ்டம், கிளேஸ்ங்கிற பவுடர் கிடைச்சா விடாதீங்க.

பிரஸ்ஸுக்கு, அதாவது தோட்டாவை அழுத்திச் செய்யற மெஷினுக்கு, கையில காசு இருந்தாலும் முதல்ல சிங்கிள் ஸ்டேஜ் இல்ல லீ கிளாசிக் டர்ரெட்ல கத்துக்கோங்க, ஒவ்வொரு வேலையும் தனித்தனியா கண்ணுக்குத் தெரியும். கை பழகினதும் டில்லன் 550 மாதிரி, ஒரே இழுப்புல பல வேலை செய்யற புரோகிரசிவ் போகலாம். டை, அதாவது கேஸை அழுத்தி வடிவம் குடுக்குற அச்சு, கார்பைடா வாங்குங்க, .38, .45 மாதிரி நேரான கேஸுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்ல, .44-40 மாதிரி கழுத்து ஒடுங்கின கேஸுக்குத் தடவியே ஆகணும். கேஸை டம்ளர்ங்கிற சுத்தம் பண்ற மெஷின்ல போட்டுச் சுத்தம் பண்ணி, விரிசல் பாத்து, பழைய அளவுக்குத் திருப்பி (ரீசைஸ்) பழைய பிரைமரை, அதாவது அடியில ஹேமர் அடிச்சதும் தீப்பொறி தர்ற சின்ன மூடியை, தள்ளி, வாயைக் கொஞ்சமா விரிச்சு, புது பிரைமர் வைங்க. இந்த இடத்துல நிதானம் வேணும். பிரைமர் கேஸ் அடியோட மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ள இருக்கணும், ஒவ்வொண்ணையும் விரல் நுனியால தடவிப் பாருங்க, துருத்திட்டு இருந்தா ரிவால்வர் சிலிண்டர் சுத்தாம பிடிக்கும், லீவர் ரைஃபிள்ல போல்ட் முழுசா மூடறதுக்கு முன்னாடியே வெடிக்கிற ஆபத்தும் இருக்கு. ஸ்பிரிங்கை லேசாக்கின துப்பாக்கின்னா ஃபெடரல் பிரைமர் வாங்குங்க, அது மெதுவான அடிக்கும் பத்திக்கும்.

பவுடர் போடும்போது பெஞ்சு மேல ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும், புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி லைட் அடிச்சு ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் பாக்கணும், பேச்சும் போனும் அப்ப வேண்டவே வேண்டாம்.

புல்லட் மூக்கு தட்டையா இருக்கணும், ரைஃபிள் குழலுக்குக் கீழ இருக்குற தோட்டாக் குழாய்ல தோட்டாக்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்குது, கூர்மூக்கு முன்னாடி இருக்குற தோட்டாவோட பிரைமரைக் குத்திடும். அடுத்தது நீளம், 1873 ரைஃபிளோட ரகசியமே இதுதான். அதுல கேரியர், அதாவது தோட்டாவைச் சேம்பர் பக்கம் தூக்கிட்டுப் போற மேடை, அது மேல ஏறின தோட்டாவேதான் அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்துது. நீளம் ஜாஸ்தியானா மூக்கு குழாய்க்குள்ளயே மாட்டிட்டு நிக்கும், ரொம்பக் குட்டையானா அடுத்த தோட்டாவோட விளிம்பு உள்ள எட்டிப் பாக்கும், ரெண்டுலயும் கேரியர் மேல வராது. .38 ஸ்பெஷலோட அதிகபட்ச நீளம் 1.55 இன்ச், .357 மேக்னம் 1.59, அதுக்குள்ள உங்க துப்பாக்கிக்குப் பிடிச்ச நீளத்தை டம்மி தோட்டா செஞ்சு, அதாவது பிரைமரும் பவுடரும் இல்லாம, லீவரை ஓட்டி ஓட்டிக் கண்டுபிடிங்க. புல்லட்ல இருக்குற வரிப்பள்ளத்துல ரோல் கிரிம்ப், அதாவது கேஸ் வாயை உள்பக்கமா மடிச்ச பிடிப்பு, கெட்டியா விழணும், இல்லன்னா குழாய் ஸ்பிரிங் அழுத்தத்துல புல்லட் உள்ள போயிடும். .38 சுட்டுச் சுட்டு .357 சேம்பர்ல கரி வளையம் கட்டும், அப்பப்ப பிரஷ் போட்டுத் தேய்ச்சுடுங்க.

ஷாட்கன் தோட்டாவுக்கு மெக் 600 ஜூனியர் மெஷின் போதும், நம்பர் 4 அல்லது அதைவிடச் சின்ன ஈயக் குண்டு, லேசான லோடு. டபுள் பேரல்ல வின்செஸ்டர் ஏஏ மாதிரி வழவழன்னு இருக்குற கேஸ் போடுங்க, துப்பாக்கியைப் பின்னால ஆட்டினதும் வழுக்கி விழுந்துடும், வரிவரியா இருக்குறது ஒட்டிக்கும்.

ஈயம் விஷயத்துல அலட்சியம் வேண்டாம். டம்ளர் தூசியிலதான் சுட்ட பிரைமர்ல இருந்து வந்த ஈயம் அதிகம், மூடியோட வீட்டுக்கு வெளிய ஓட்டுங்க, பெஞ்சுல டீ, பிஸ்கட் எதுவும் கூடாது, வேலை முடிஞ்சதும் கையை சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணியில கழுவுங்க, பிள்ளைங்க அந்த ரூம் பக்கமே வரக் கூடாது.

ஆறு ஸ்டேஜ் மேட்சுக்கு சாதாரணமா ரிவால்வருக்கு 60, ரைஃபிளுக்கு 60, ஷாட்கனுக்கு 24க்கு மேல ஆகும், எல்லாத்துலயும் கால்வாசி கூட எடுத்துட்டுப் போங்க. முதல் தடவை போறப்ப எதுவுமே வாங்காம கண்ணாடியும் காதடைப்பானும் மட்டும் எடுத்துட்டுப் போனாலும் போதும், கிளப்ல பெரியவங்க அவங்க ரைஃபிளையே கையில குடுத்து நாலு ரவுண்டு சுட்டுப் பாருன்னு சொல்லுவாங்க, 73ஐயும் மார்லினையும் அங்கேயே ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா கடைக்குப் போங்க.