மாலை வகுப்புத் தொண்டர்கள் ஜெபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மாலை வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர், போன வெள்ளிக்கிழமை தொண்டர்கள் கூடும் ஜெபத்தில் கண்ணீரோடு ஜெபித்தார். நல்ல பிள்ளை, நல்ல மனசு. ஆனால் அவர் ஆமென் சொல்வதற்குள், எந்த வீட்டுப் பையனின் அம்மா யாரிடம் கடன் வாங்கி என்ன பாடுபடுகிறார் என்பது அங்கிருந்த ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான்.

நாகப்பட்டினத்துக்கும் கீழ்வேளூருக்கும் நடுவே, வயல்களை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வகுப்பு நடக்கிறது. வருவதெல்லாம் பெரும்பாலும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் கடற்கரைக் கிராமங்களுக்கு உதவி செய்யப் போனவள் நான். அன்று பிள்ளைகளோடு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நேரத்துக்கு வராதது, ஜெபத்தின் நடுவில் கைபேசி அலறுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பசித்த பிள்ளையின் முன்னால் நீண்ட ஜெபம்

மத்தியானம் பள்ளியில் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்கு நம்மிடம் வருகிறது. முன்னால் அண்டாவில் சுண்டல் ஆவி பறக்கிறது. அந்த நேரத்தில் தேசத்துக்காக, ஆளுகிறவர்களுக்காக, மேட்டூர் அணையில் தண்ணீர் நிறைவதற்காக என்று பத்து நிமிஷம் ஜெபிக்கிறோம். எல்லாம் ஜெபிக்க வேண்டிய காரியங்கள்தான். ஆனால் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஜெபிக்க வேண்டியவை. அவர்கள் முன்னால் இரண்டே வரி போதும்: தந்ததற்கு நன்றி, சமைத்த கையை ஆசீர்வதியும். அப்புறம் கரண்டியை எடுங்கள்.

“இந்த அநாதைப் பிள்ளைகளை…”

ஒரு கூட்டத்தில் விருந்தாளியாக வந்த பெரியவர், “இந்த ஏழை அநாதைப் பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பாரும்” என்று உருகி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் எட்டு வயசுப் பையன் ஒருவன் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தான். “டீச்சர், நான் அநாதையா? எங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்கல்ல?” என்று கேட்டான்.

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது திறந்துதான் இருக்கிறது. அவர்களைப் பற்றி ஆண்டவரிடம் நாம் என்ன சொல்கிறோம் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்கிறார்கள். அவர்கள் இல்லாதவர்கள் என்று அவர்கள் காதுபடவே சொல்லாதீர்கள். கணக்கில் கெட்டிக்காரி, தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருபவன், நன்றாகப் பாடுகிறவள் என்று நன்றி சொல்ல எத்தனையோ இருக்கின்றன. அதைச் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கேட்காமல் தலையில் கை வைப்பது

இயேசு குழந்தைகள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார் என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். சரி, அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். அந்தக் குழந்தைகளை மற்றவர்கள்தான் அவரிடம் கொண்டுவந்தார்கள். அவராகத் தெருவில் போய் யார் தலையிலும் கை வைக்கவில்லை.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து இந்தக் கரையில் ஜெபமும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் பக்கத்தில்தான் வளர்ந்தன. அதனால்தான் “கோயில் டீச்சர்”, அதாவது சபையின் டீச்சர், என்றால் மற்ற மதத்துக்காரர்களும் நம்பிப் பிள்ளையை அனுப்புகிறார்கள். எழுத்தும் கணக்கும் சொல்லித்தரத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு மேல் ஜெபம் வேண்டுமா என்று அவர்கள் சொல்லட்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்காக “நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்கம்மா” என்று எத்தனையோ தாய்மார் அவர்களாகவே கேட்டிருக்கிறார்கள். கேட்டால் மனசார ஜெபியுங்கள். கேட்காதவர்களுக்காக உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிள்ளையின் ரகசியம்

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். வகுப்பு முடிந்ததும் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போவாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. ஒருநாள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா?” என்றேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் அவளும் தம்பியும் நெல் அடிக்கிற களத்துக்கு ஓடிப்போய் வைக்கோல்போருக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறார்களாம். துணியிலிருந்து சுண்ணாம்பு கலந்த தண்ணீர் அவள் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் அதை மனசில் வைத்துப் புழுங்கினேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் முறை வந்தது. பெயரைச் சொல்லவில்லை. அதில் ரொம்பக் கவனமாக இருந்தேன். “வைக்கோல்போருக்குப் பின்னால் உறங்கும் அந்தப் பிள்ளைகளைப் பாரும், ஆண்டவரே” என்றுதான் ஜெபித்தேன். அறுபது வீடு இருக்கிற தெருவில் அதற்கு மேல் பெயர் எதற்கு? அன்று ஆமென் சொன்னவர்களில் அவள் அத்தையும் ஒருத்தி.

சனிக்கிழமை ராத்திரிக்குள் அப்பனுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை வீட்டுக்குப் போனேன். நிலைப்படியில் நின்றாள். உதடு வீங்கியிருந்தது. “உங்ககிட்ட மட்டும்தானே டீச்சர் சொன்னேன்” என்றாள். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பொங்கலுக்கு முன்பே அவளைச் சென்னையில் யார் வீட்டு வேலைக்கோ அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தத் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட என்னிடம் வீட்டு விஷயம் எதையும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் பிடிப்பதில்லை.

புதியவர்களிடம் இதைச் சொன்னால் மூன்று பதில் வரும். மூன்றுமே எனக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன. “பெயர் சொல்லலையே அக்கா” என்பது முதல் பதில். வயசு, வகுப்பு, தெரு, அப்பாவின் தொழில் ஆகியவற்றில் இரண்டைச் சொன்னாலே கிராமத்தில் ஆள் தெரிந்துவிடும். “நம்ம ஜெபக்குழுவுக்குள்ளதானே” என்பது இரண்டாவது. நாகப்பட்டினத்தில் வாட்ஸ்அப்பில் போட்ட ஜெபக்குறிப்பு ஒன்று துபாயில் இருக்கும் ஜெபக்குழுவுக்குப் போய், அங்கிருந்து அந்தப் பிள்ளையின் சித்தப்பா கைபேசிக்கே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். “ஜெபத்துலதானே சொன்னேன்” என்பது மூன்றாவது. வேதனையாக இருப்பது இதுதான். டீக்கடையில் சொன்னால் புறங்கூறுதல் என்று நமக்கே தெரியும். அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பரிசுத்தம் ஆகிவிடுமா?

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார். நாம் வேண்டுவதற்கு முன்னமே நமக்கு எது தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்றும் அங்கேயே சொல்கிறார். அப்படியானால் அந்தப் பிள்ளையின் விவரத்தை நாம் யாருக்காக விலாவாரியாகச் சொல்கிறோம்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தானே?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்லாமல், அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் விசாரணை பற்றிய செய்திகளில் வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. பாலியல் குற்றங்களுக்கு ஆளான குழந்தை விஷயத்தில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவும் ஊடகங்களுக்கு அதே தடையைப் போடுகிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடச் சொல்லவில்லை. நம்மை நம்பி ஒரு பிள்ளை வாயைத் திறந்தது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது எங்கள் ஜெபத்தில் ஒரே ஒரு வழக்கம். யாருக்காவது மனசு பாரமாக இருந்தால் “ஒரு பிள்ளைக்காக” என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாது. உடனே எல்லாரும் இரண்டு நிமிஷம் வாய்திறக்காமல் ஜெபிக்கிறோம். வெள்ளைத் தண்ணீர் வழிந்த அந்தக் கை அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

பிள்ளையைக் கூட்டத்தின் முன் எழுப்பிச் சாட்சி சொல்ல வைப்பது

வேண்டாம். அழுதுகொண்டே வந்து கேட்டாலும் வேண்டாம்.

ஜெபித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பது

அந்தப் பெண் சொன்னபோது நான் செய்யாமல் விட்ட இன்னொரு காரியம் இது. தேவசித்தம் தெரியட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு தெரிய வேண்டிய சித்தம் வேறு என்ன இருக்கிறது? நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டியபோது, பகைவர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக்குழு இருக்கின்றன. பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் கேள்வியே இல்லை. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். “போதகர் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு”, “சபைக்குக் கெட்ட பெயர் வருமே” என்று இழுக்காதீர்கள். போன் டயல் ஆகும்போது மனசுக்குள் ஜெபியுங்கள், போதும். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, பொறுப்பாளரிடம் இருக்கும் பூட்டிய பீரோவில் வையுங்கள். அந்தத் தாளுக்கு ஜெபக்கூட்டத்தில் வேலை இல்லை.

ஜெபிக்கும் பிள்ளைகளைப் புகைப்படம் எடுப்பது

கைபேசியைப் பையில் போடுங்கள்.

தனக்காக ஜெபிக்க மறப்பது

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, ஒரு மாதம் போல இரவு பகல் பார்க்காமல் ஓடினோம். கூரை போன வீடு, பாடப்புத்தகம் நனைந்த பிள்ளை, சாய்ந்த தென்னை என்று எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தோம். ஒரு நாளாவது எங்களுக்காக ஜெபித்தோமா என்றால் இல்லை. அது சுயநலம் என்று நினைத்தோம். பொங்கல் வருவதற்குள் நல்ல தொண்டர்கள் இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். ஒருத்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள், “பிள்ளைங்க மேல எரிஞ்சு விழ ஆரம்பிச்சிட்டேன் அக்கா, பயமா இருந்துச்சு.”

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பும் பாதையும் ஒன்றாகச் சேறாகக் கிடக்கும்போது, வந்த நாலு பிள்ளைக்கும் கழித்தல் கணக்கு மண்டையில் ஏறாத நாளில், யாருக்கும் எரிச்சல் வரும். அதை மூடி மறைத்துவிட்டு “எல்லாம் கிருபை” என்று ஜெபிக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாங்கள் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆண்டவரே, இன்று ஒரு பிள்ளையிடம் குரலை உயர்த்தினேன். மன்னியும். நாளை அவன் வரும்போது நோட்டைப் பார்ப்பதற்கு முன் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நினைப்பூட்டும். இன்று கேட்டதை என்னால் தூக்க முடியவில்லை. நீர் தூக்குகிறீர் என்று நம்பித் தூங்கப் போகிறேன். என் வாய்க்குக் காவல் வையும். ஆமென்.

வாய்க்குக் காவல் என்பது சங்கீதம் 141இல் இருக்கும் விண்ணப்பம். புதிதாக வருகிற தொண்டர்களுக்கு நான் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது அந்த ஒரு வரியைத்தான்.

அப்படியும் பாரம் இறங்காதவர்களுக்கு ஒரு சீட்டு கொடுக்கிறோம். அதில் பெயர் எழுதக் கூடாது, யாரும் வாங்கிப் படிக்கவும் கூடாது. மனசில் உறுத்துவதை எழுதி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்துவிட்டு, சுண்டல் வேகவைத்த அடுப்பின் கங்கில் போட வேண்டும். அந்தத் தம்பியும் இந்த வெள்ளிக்கிழமை ஒன்று எழுதிப் போட்டார். அது எரிந்து முடிகிறவரை யாரும் பேசவில்லை. அப்புறம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.